பழஞ்சுவரும் புதுக்குசினியும்



ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, நாற்புறமும் நீர் சூழ நிற்கும் கடற்கோட்டையைச் சரவணையிற் பிறந்த நான் சிறுபராயம் முதல் பார்த்துவருகிறேன். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹம்மன்ஹீல் என்று நாமகரணம் செய்த அக்கோட்டை, பிற்காலத்திற் சிறைச்சாலையாகி, இன்று விருந்தினர் தங்கி உண்ணும் விடுதியாக விளங்குகிறது. கொழும்பிலே 1681ஆம் ஆண்டளவிலேயே இருந்த ஒல்லாந்தர் வைத்தியசாலையும் 2011இல் உணவகங்கள் நிறைந்த வளாகமாயிற்று. இத்தகைய புராதனக் கட்டடத்தில் இத்தாலிய உணவகம் அமைக்க விரும்புவோர் என்னிடம் மேசை நாற்காலிகளைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நானோ சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

தீவகத்தில் பழைய நாற்சார் வீடொன்றைத் திருத்தச் சென்றிருந்தபோது, முருகைக்கற் சுவருக்கு யாரோ சீமெந்து பூசியிருக்கக் கண்டேன். விரலால் தட்டினேன், பொள்ளென்று ஒலித்தது. உளியை வைத்ததும் தாம்பாளம் அளவு காறை பெயர்ந்து விழ, உள்ளே கல் ஈரமாய், அரிசிமாப் போல உப்புப் பூத்திருந்தது. கூட வந்த முதிய மேசன் அதை நாக்கில் வைத்துப் பார்த்து, "கடலுப்புத் தம்பி, வெளியிலை போக வழியில்லாமல் உள்ளுக்கையே கிடந்திருக்குது" என்றார். சுண்ணாம்புச் சாந்தோ மாரியில் ஏறிய ஈரத்தைக் கோடையில் வெளியேற விடும். அந்த ஸ்வபாவத்தினாலேயே இச்சுவர்கள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன.

நாப்போலி நகரத்துப் பீட்சா அடுப்பு ஏறத்தாழ 450 பாகை வெப்பத்தில், ஒன்றரை நிமிடத்துக்குள் மாவை வேகவைப்பது. அவ்வளவு அக்கினியைப் பழஞ்சுவரோடு ஒட்டி வைக்கலாமா? நேயர்களே, ஓலைக்கூரைக்கு அஞ்சிக் குசினியை வீட்டிலிருந்து விலக்கிக் கட்டிய நம் முன்னோரின் விவேகத்தையே இங்கும் பின்பற்றி, அடுப்பை முற்றத்திலே தனிக்கொட்டகையில் அமைத்தால், சுவரும் பிழைக்கும், விருந்தினரும் தீயின் அழகைக் காண்பார்கள். குசினி என்பதும் போர்த்துக்கேயர் தந்த சொல்லே. இத்தாலியரின் குச்சீனா அதற்கு உடன்பிறந்தது. இரண்டுக்கும் தாய் இலத்தீன்.

விளக்கு, தளம் ஆகியவற்றை விரிக்க அவகாசமில்லை. தண்ணீர்க் குழாய்களைச் சுவரைக் குடைந்து பதிக்காதீர்கள் என்று மட்டும் வேண்டுகிறேன். உரியவர்கள் புலம்பெயர்ந்தபின் பூட்டிக் கிடக்கும் நம் தீவகத்து வீடுகளிலும், சுவர் உலர்ந்து, என்றேனும் ஒருநாள் அடுப்பு மூளட்டும்.