நான்கு டயரும் ஒரே அளவா?



பிக்-அப் வாகனத்துக்கு எந்த அளவு டயர் போடலாம் என்பது பற்றி இன்றைய அரங்கில் பேச வந்திருக்கிறேன். "இதில் பேச என்ன இருக்கிறது? ரிம்மில் ஏறினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதுதான் என் வாதம்.

பேராக் மாநிலத்துக்கும் டயருக்கும் உள்ள உறவு பழையது. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அதன் பிறகு கார்கள் பெருகின, தோட்டங்கள் பெருகின, நம் முன்னோர்கள் கப்பலேறி வந்து பால்மரம் சீவினார்கள். இன்று அந்தத் தோட்டங்களில் பலவற்றில் செம்பனை நிற்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகள் பலர் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பிக்-அப் வைத்துப் பிழைக்கிறார்கள். காய்கறி, பந்தல் சாமான், செம்பனைக் குலை என்று எல்லாம் அதில்தான் போகிறது. நம்மவர் வியர்வையில் வளர்ந்த பொருள் டயர். அதன் மேல் எழுதியிருப்பதை நாம் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பல பிக்-அப்களில் 265/65 ஆர் 17 என்று இருக்கும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. ஆர் என்பது ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் 776 மில்லிமீட்டர்.

இனி 265/70 ஆர் 17 டயரைப் பாருங்கள். அதே அகலம், அதே ரிம். ஒரே ஓர் எண்தான் வேறு. ஆனால் விட்டம் 803 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. முன்னால் 65ம் பின்னால் 70ம் போட்டால், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இரண்டுக்கும் ஏறக்குறைய 34 மீட்டர் வித்தியாசம் வரும்.

நம் நாட்டில் ஓடும் 4 சக்கர இயக்கப் பிக்-அப்கள் பெரும்பாலானவற்றில், அந்த இயக்கத்துக்கு மாற்றியதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். செம்பனைக் காட்டுச் சேற்றில் டயர் வழுக்கி அந்த 34 மீட்டரைச் சரிக்கட்டும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. பாரம் முழுவதும் கியர்களில் இறங்கி அவற்றை உடைக்கும். மலிவாகக் கிடைத்த இரண்டு டயரால் வரும் செலவு இது.

இரண்டு புதிய டயரும் இரண்டு தேய்ந்த டயரும் கலந்து ஓடினாலும் இதே தொல்லை சிறிய அளவில் உண்டு. அதனால்தான் சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றச் சொல்கிறார்கள்.

"நான்கையும் பெரிதாகப் போட்டால்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 285/70 ஆர் 17 போட்டால் விட்டம் 7 விழுக்காடு கூடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 107இல் ஓடும். அதைவிட முக்கியம் பிரேக். சக்கரம் பெரிதாகிறது, பிரேக் மட்டும் பழையதாகவே இருக்கிறது. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கும்போது, அந்தக் குறைந்த பிடியை நம்பித்தான் நீங்களும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சேற்றுக்காகத்தான் பெரிய டயர் என்றால், வேறு வழி உண்டு. அதே அளவிலேயே ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர் கிடைக்கிறது. அளவை மாற்றாமல் அதைப் போடுங்கள். ஆனால் முழுச் சேற்று டயர் மழை நனைத்த தார்ச் சாலையில் சீக்கிரம் நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டு எண்களைப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 112 என்றிருந்தால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும். அதைவிடச் சிறிய எண் குறைவாகத்தான் தாங்கும். டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

அனுமதியில்லாமல் வாகனத்தின் அமைப்பை மாற்றுவது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அளவை மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் ஜே.பி.ஜே.யிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கின்றன. நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் ஒரு முறை சுற்றி வந்து, நான்கு டயரையும், ஸ்பேர் டயரையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. எண் ஒத்துவரவில்லை என்றால், வேலைக்குப் போகும் முன் பட்டறைக்குப் போங்கள்.