ஆடியில்லாக் காமிராவிடம் நாம் வேண்டுவது



சித்தூரிலும் திருப்பதியிலும் நம்மவர் இல்லத் திருமணங்களைப் படமெடுக்கும் கலைஞர்களுக்கு எத்தகைய கருவி வேண்டும் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

பழைய காமிராவினுள் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் ஆடி எழுந்து விழும். 2008-இல் பானசோனிக் ஜி1 வந்தது முதல் ஆடியில்லாக் காமிராக்கள் பெருகின. கருவி சிறுத்தது, ஓசையே இன்றியும் படமெடுக்க இயன்றது. கன்னிகாதான வேளையில் கண் கலங்கும் தந்தையை அவர் அறியாமலே படம் பிடிக்கலாம்.

ஆனால், ஓசையற்ற முறையில் பெரும்பாலான காமிராக்கள் படத்தை வரிவரியாகப் பதிகின்றன. மண்டபத்து எல்.இ.டி. விளக்குகள் பலவும் கண்ணுக்குப் புலப்படாமல் விட்டுவிட்டு ஒளிர்கின்றன. ஆதலின் அத்தந்தையின் முகத்தில் கரும்பட்டைகள் படிந்துவிடுகின்றன. அந்தக் கணம் மீண்டும் வருமா?

படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும் காமிராவைச் சோனி நிறுவனத்தார் 2023-இல் அறிவித்தனர். அப்போது அதன் விலையோ அமெரிக்காவில் சுமார் 6,000 டாலராக இருந்தது! நம் ஊர்க் கலைஞர் எங்ஙனம் வாங்குவார்?

ஆகவே, நாம் வேண்டுவது மேலும் பல கோடிப் புள்ளிகள் அல்ல. அவ்வசதி எளிய விலைக் காமிராவுக்கும் வருதல் வேண்டும். மங்கிய ஒளிக்கேற்ற லென்ஸுகள் மலிதல் வேண்டும். சித்திரை வெயிலிலும் சூடேறி நின்றுவிடாத உறுதி வேண்டும். நம் பேரப்பிள்ளைகள் காணப்போகும் முகங்கள் அக்கலைஞர்கள் கையில் அல்லவா இருக்கின்றன?