மூக்குக் குழாயும் குழந்தையின் உயிரும்
(திருக்கழுக்குன்றத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிடையே பேசியது)



விழுங்க முடியாத குழந்தைக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டு, செங்கற்பட்டு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

இருமினாலும், வாந்தி எடுத்தாலும், பிளாஸ்திரி கழன்றாலும் குழாய் இடம் மாறும். அப்போது பாலை விட்டால் அது நுரையீரலில் இறங்கலாம். உயிருக்கே ஆபத்து!

ஆகவே ஒவ்வொரு வேளையும் பால் விடுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிஞ்சால் சிறிது நீரை உறிஞ்சி பி.எச். தாளில் விடுங்கள், 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை நம்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டும் விடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழாயை நீங்களே திரும்பச் செருகாதீர்கள்.

தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள். பாலை அழுத்தித் தள்ளாதீர்கள், தானாக இறங்கட்டும். முடிந்ததும் டாக்டர் சொன்ன அளவு கொதித்தாறிய நீரை விடுங்கள். அரைமணி நேரம் மட்டமாகப் படுக்க வைக்காதீர்கள். மூச்சுத் திணறினால், உதடு நீலம் பாரித்தால், உடனே நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள்.

நடவுக்குப் போகும் தாய் ஒருத்தியே இதைச் சுமக்க முடியாது. தகப்பனும் பாட்டியும் கற்றுக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன், நர்ஸ் பார்க்க உங்கள் கையாலேயே ஒரு வேளை பால் விட்டுக் காட்டுங்கள். பி.எச். தாளும் சிரிஞ்சும் கூச்சப்படாமல் கேளுங்கள். அது நம் உரிமை.