கூத்துக் காணச் சென்ற இரு நாள்கள்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இக்கழகத்தின் விடுதியில் உண்டு, உறங்கி, படித்து வளர்ந்தவன் நான். பொறியியலும் மருத்துவமும் பயின்று உயர்ந்த என் தோழர்கள் வீற்றிருக்கும் இம்மேடையில், நாடகம் பயின்ற என்னையும் பேச அழைத்திருக்கின்றீர்கள். "நாடகம் படிச்சி என்னடா ஆவப்போவுது?" என்று என் தாயார் அன்று கேட்டார். அவ்வினாவிற்குரிய விடை எனக்கு ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையுமாகிய இரு நாள்களில் கிடைத்தது. அதனையே இன்று கூற விழைகின்றேன்.

2012ஆம் ஆண்டில் நான் புதுவைப் பல்கலைக்கழகத்தில், சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் தாங்கிய நிகழ்கலைப் பள்ளியில் மாணவன். 'வடு' என்னும் தன்வரலாற்றையும் 'பலி ஆடுகள்' என்னும் நாடகத்தையும் எழுதி, 2016ஆம் ஆண்டு மறைந்த கே. ஏ. குணசேகரன் அவர்கள் தலைமையேற்று நடத்திய பள்ளி அது. நாடக நூல்களைப் பல முறை படித்திருந்தேன். மேடையில் கண்டவையோ மிகச் சில. சமையற் குறிப்பைப் படித்தவனுக்குப் பசியாறுவதில்லை. ஆதலின், சனிக்கிழமை இரவு ஒரு தெருக்கூத்து, ஞாயிறு மாலை சென்னையில் ஒரு நவீன நாடகம் என இரண்டையும் கண்டு வருவதென முடிவு செய்தேன். கையிலிருந்தது 350 ரூபாய்.

திண்டிவனம், வந்தவாசி வழியாகச் செய்யாற்றை அடைந்து, அங்கிருந்து நகரப் பேருந்தில் ஒரு சிற்றூருக்குச் சென்றேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. அன்றைய கூத்து 'கர்ண மோட்சம்'.

எங்கள் ஊரிலும் கூத்து நடந்ததுண்டு. கூத்தை அறிவித்துப் பறையறைந்தவர் என் பாட்டனார். அறிவித்தவரின் குடும்பம் நின்று காண வேண்டிய இடமோ, திடலுக்கு அப்பால் ஒரு புளியமரத்தடி. அங்கிருந்து கிரீடத்தின் மினுக்கம் தெரியும். நடிப்பவரின் முகம் தெரியாது. செய்யாற்றுப் பக்கத்து அவ்வூரில் என்னை அறிந்தவர் எவருமிலர். ஆகவே வாழ்நாளில் முதன்முறையாகக் கூத்தின் முன்வரிசையில் சென்று அமர்ந்தேன்.

பக்கத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "எந்த ஊரு தம்பி?" என்றார். கூறினேன். "என்ன ஆளுங்க?" என்றார். புதுச்சேரியில் படிக்கிறேன் என்றேன். அவர் விடவில்லை, மீண்டும் கேட்டார். வாயில் வந்த வேறொரு சாதியின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. தம் பாயில் நகர்ந்து இடங்கொடுத்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த வறுத்த வேர்க்கடலையில் ஒரு பிடி தந்தார். அதனை உண்டேன்.

இரவு பத்து மணிக்கு மத்தளமும் தாளமும் முழங்க, ஆர்மோனியமும் முகவீணையும் இசைக்கக் கூத்துத் தொடங்கிற்று. இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து கர்ணன் பாடியபடி வெளிப்பட்டான். கண்ணாடித் துண்டுகள் பதித்த மரக்கிரீடமும், புஜகீர்த்தியும், மார்புப் பதக்கமும் விளக்கொளியில் சுடர்ந்தன. அக்கட்டைகளின் சுமையோடு விடியும்வரை ஆடுவதற்கு வேண்டிய மூச்சையும் கால்வலியையும் எந்நூலும் எனக்குக் கற்பித்திருக்கவில்லை. அரசனையும் அஞ்சாது எள்ளும் கட்டியங்காரனைக் கண்டபோது, ஏழை எளியோரின் நாவிற்குக் கூத்தில் ஓர் இடம் உண்டென்பதை உணர்ந்தேன்.

நள்ளிரவு கடந்தது. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகின்றான். தேரோட்டியின் வீட்டில் வளர்ந்தவன் என்று அவள் அவனது பிறப்பை இழித்துரைக்கின்றாள். அள்ளி அள்ளிக் கொடுத்த கைகளைக் கட்டிக்கொண்டு அவன் நிற்கின்றான். திடல் முழுவதும் கண்ணீர் விட்டது. என் பக்கத்திலிருந்த மூதாட்டியும், "அய்யோ, பாவி மவ!" என்று விம்மினார். சற்று முன் என்னிடம் அதே வினாவைக் கேட்டவர் அவர். கேட்கப்பட்டவனோ, கர்ணனைப் போல நிற்க மாட்டாமல் பொய் கூறி இடம் பெற்றவன். அன்று யாரை நொந்துகொள்வதென அறியாமல், பொழுது விடியுமுன்னரே எழுந்து நடந்தேன்.

காஞ்சிபுரம் வழியாகச் சென்னையை அடைந்தேன். மாலையில் எழும்பூரில் ஓர் அரங்கில், இந்திரா பார்த்தசாரதி 1978ஆம் ஆண்டு எழுதிய 'நந்தன் கதை'யைக் கண்டேன். நுழைவுச் சீட்டு 100 ரூபாய். அங்கே 'என்ன ஆளுங்க' என்று கேட்பாரில்லை. ஆயினும் அவையினரின் உடையையும் பேச்சையும் கண்டு, நானாகவே கடைசி வரிசையைத் தேடினேன். புளியமரத்தடி என்னோடு சென்னை வரையில் வந்துவிட்டதை உணர்ந்தேன். உணர்ந்ததும் எழுந்து முன்வரிசைக்குச் சென்றேன்.

நந்தனார் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்து வந்தவர் அவர் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. இசைக்கருவிக்குத் தோல் கொடுத்தவருக்குத் தில்லைக் கூத்தனின் ஆடலைக் காண வழியில்லை. 'நாளைப் போவேன்' என்று நாள்தோறும் கூறியதால் திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்றார். முடிவில் தீயில் மூழ்கி, முனிவர் வடிவோடு எழுந்து, உள்ளே புகுந்தார் என்பது புராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனாரை ஆட்டிப்படைக்கும் வேதியர் ஒருவரைப் படைத்துக் கதையை வளர்த்தார். இந்திரா பார்த்தசாரதியின் நாடகமோ, அத்தீயை ஆதிக்கத்தாரின் சூழ்ச்சியாகக் காட்டுகின்றது. நூலில் படித்தபோது இஃது எனக்கு ஒரு கருத்தாகவே பட்டது. மேடையில், என் வயதொத்த ஓர் இளைஞன் நம்பிக்கையோடு தீயை நோக்கி நடந்தபோது, "போகாதே!" என்று என்னையறியாமல் கூவிவிட்டேன். அரங்கிலிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். நான் நாணவில்லை.

என் தாயாரின் வினாவிற்கு விடை அங்கே கிடைத்தது. கர்ணனும் நந்தனும் பிறப்பினால் அளக்கப்பட்டவர்கள். அவர்களுக்காக அழுகின்ற ஊர், அடுத்த பாயில் இருப்பவனையும் அவ்வாறே அளக்கின்றது. இந்த முரணை ஊரார் நடுவில், ஊரார் மொழியில், அவர்கள் கண்ணீர் காயுமுன்னரே எடுத்துக் காட்ட வல்லது நாடகம். அதனைக் கற்பது வீணாகுமா?

தோழர்களே! அம்மூதாட்டியை நான் மீண்டும் காணவில்லை. அவரிடம் மெய் கூறும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆதலின் இந்த அவையில் அதனைக் கூறினேன்.

சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நந்தனார் பெயராலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். தீயில் முடிந்த ஒரு பெயரை எழுத்தறிவின் வாயிலில் பொறித்த பெருமகனார் அவர். அவ்வழியில் வந்தது நம் கழகமும். எனவே, கழகத்தின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கின்றேன். ஆண்டுக்கு இருமுறையேனும் நம் விடுதி மாணவ மாணவியரை நாடகம் காண அழைத்துச் செல்லுங்கள். ஒன்று விடியவிடிய நடக்கும் கூத்தாகவும், மற்றொன்று நகர அரங்கின் நாடகமாகவும் இருக்கட்டும். செல்லுமுன் நாடகத்தைப் படிக்கச் செய்யுங்கள். வந்தபின் கண்டதை நடித்துக்காட்டச் செய்யுங்கள். அதற்கான முதல் தொகையாக என் ஒரு மாத ஊதியத்தை இன்று செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கின்றேன்.

மாணவச் செல்வங்களே! நாளைப் போவோம் என்று இராதீர்கள். இந்த வாரமே செல்லுங்கள். முன்வரிசையில் அமருங்கள். பக்கத்திலிருப்பவர் எவரேனும் உங்களை யாரென்று கேட்டால், நான் சொல்லத் தவறியதை நீங்கள் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.