அட்டை இருக்கு, மாத்திரை?
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் இங்கே பி.காம். சேர்ந்தது 1978-ல். அதே வருஷம் செப்டம்பரில், அன்றைய சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, 2000-க்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்தன. 2000 வந்தது, போனது. அதற்கும் முன்னால், 1946-லேயே சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்று எழுதிவிட்டது. ஆக, வாக்குறுதிக்கு நம்ம நாட்டில் பஞ்சமே கிடையாது.

நான் டாக்டர் இல்லை. கணக்குப் பிள்ளை. அதனால் என் அத்தான் கதையைச் சொல்கிறேன்.

அத்தான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருந்தார். சில வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா பீரோவிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஸ்டென்ட் வைத்தார்கள். ஆபரேஷனுக்குக் காசு கேட்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, அந்த அட்டை இல்லாவிட்டால் அத்தான் இல்லை.

சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. ரத்தம் உறையாமல் இருக்க, கொழுப்புக்கு, பிரஷருக்கு என்று தினமும் மாத்திரை. 2018-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் உண்டு. ஆனால் அது படுக்கையில் சேர்வதற்கு. வீடு திரும்பிய பின் 15 நாள் செலவு வரைக்கும் பார்க்கும். 16-ஆம் நாள்? ஸ்டென்ட் உள்ளே இருக்கிறதே, அது 16-ஆம் நாள் வெளியே போய்விடுமா?

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், மறுக்கவில்லை. 1994-ல் தொடங்கிய நம் மருத்துவப் பணிகள் கழகத்தை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பழகின. 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடியே மாத்திரை தருகிறார்கள். அது பெரிய காரியம். ஆனால் அத்தானுடைய இதய மாத்திரைக்குப் போகவர பஸ், அரை நாள் வரிசை, அன்றைக்குக் கடை அடைப்பு. டீக்கடைக்காரருக்குக் கடை அடைப்பு என்றால் அன்றைக்கு அடுப்பும் அடைப்புதான். வெளியே வாங்கினார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். எங்களிடம் சொல்லவே இல்லை. மறுபடியும் அட்டாக் வந்தபோதுதான் அக்காவுக்கே தெரிந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் கடை போய்விட்டது.

அரசின் சுகாதாரக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14-ல் 64.2 சதவீதம். 2021-22-ல் 39.4. குறைந்தது உண்மை. ஆனாலும் அந்த வருஷமும் நூற்றுக்கு முப்பத்தொன்பது ரூபாய் நோயாளி வீட்டு டப்பாவிலிருந்துதான் வந்தது.

தம்பிகளா, தங்கைகளா! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும்போது "அட்டை இருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறீர்கள். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, "கடைசியா மாத்திரை எப்ப வாங்கினீங்க?" என்றும் கேட்டு எழுதுங்கள். அந்தத் தாள்களைக் கூட்டிக் கணக்குப் போட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கொடுக்க நான் தயார். ரிடையர் ஆகிவிட்டேன், வேலை ஒன்றும் இல்லை.