ஒரு போகம், ஒரு பிள்ளை

(வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவரின் வானொலி உரை)



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து பற்றிப் பேசுவேன். இன்றைக்கு நமக்குப் பிறகு வயலில் இறங்கப் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, தாளடிச் சமயத்தில் ஒரு கிராமத்துக்குப் போனேன். அப்பா காலமான பிறகு பனியன் கம்பெனி வேலையை விட்டு ஊர் திரும்பிய ஒரு பையன், ஒன்றரை ஏக்கரில் நெல் நட்டிருந்தான். பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. புகையான்! பயிர் மஞ்சளாகிறதே என்று மேலும் யூரியா போட்டிருக்கிறான். கடையில் கொடுத்த மருந்தை இலை மேலேயே அடித்திருக்கிறான். புகையான் இருப்பதோ தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. மருந்து அங்கே போய்ச் சேரவே இல்லை. போதாததற்கு, சில மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்று, புகையானையே பெருக்கிவிடும்.

அடுத்த வயலில் பயிர் பச்சையாக நின்றது. அந்தப் பெரியவர் எட்டடிக்கு ஒரு தடவை ஓரடி பட்டம் விட்டு நட்டிருந்தார். யூரியாவை அளவாகப் பிரித்துப் போட்டு, தண்ணீரையும் வடித்திருந்தார்.

"பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"அவன் கேக்கலையே சார்!"

பையனிடம் விசாரித்தேன். "கேட்டா சிரிப்பாங்களோன்னு பேசாம இருந்துட்டேன் சார்" என்றான்.

நடுவில் இருந்தது ஒரே ஒரு வரப்பு. அதை இரண்டு பேருமே தாண்டவில்லை. அடுத்த மாசமே பையன் பழைய வேலைக்குப் போய்விட்டான். நானும் அந்தப் போகத்தில் அந்தப் பக்கம் தாமதமாகத்தான் போனேன். அது இன்றும் மனசை உறுத்துகிறது. ஆனால் ஒரு அலுவலர் எத்தனை வரப்பில் நிற்க முடியும்?

1960-களில் ஆடுதுறை 27 ரகம் தஞ்சைப் பகுதியில் பரவியபோது, அதை 'ரேடியோ நெல்' என்றே மக்கள் சொன்னார்கள். ரேடியோ சேதி சொல்லும். தூரை விலக்கிக் காட்ட, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே! அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். ஒரு போகத்துக்கு ஒரு பிள்ளை, அவ்வளவுதான் கேட்கிறேன்.

எப்படிச் செய்வது?

முதலில், நீங்களே போய்க் கூப்பிடுங்கள். பிள்ளை வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகளையும் மறக்காதீர்கள்.

இரண்டாவது, பத்து சென்ட் நிலம் அந்தப் பிள்ளை பொறுப்பில் இருக்கட்டும். நாற்றங்கால் முதல் அறுவடை வரை முடிவு அவர்களுடையது. தப்பு நடந்தால் பத்து சென்டோடு போகும். பாடம் ஆயுசுக்கும் நிற்கும்.

மூன்றாவது, வாரம் ஒரு நாள், காலையில் ஒரு மணி நேரம் இருவருமாக வயலில் இறங்குங்கள். தூரை விலக்கிப் பாருங்கள். புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். தேதி, செய்த வேலை, ஆன செலவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நான்காவது, கற்றுக்கொள்ள வந்த பிள்ளையைக் கூலி கொடுக்காமல் வேலை வாங்காதீர்கள். பதினெட்டு வயசு ஆகாதவர்கள் கையில் மருந்துத் தெளிப்பானைக் கொடுக்கவே கூடாது.

ஐந்தாவது, கேலி வேண்டாம். நீங்கள் செய்த தப்பை முதலில் சொல்லுங்கள். அப்புறம் பிள்ளை தன்னால் வாயைத் திறக்கும். உங்களுக்கும் லாபம் உண்டு. செல்போனில் உழவன் செயலியைத் திறந்து மானியம், சந்தை விலை பார்க்க அந்தப் பிள்ளையே உங்களுக்குக் கற்றுக் கொடுக்கும்.

இருவருக்கும் தெரியாத விஷயம் வந்தால், சேர்ந்தே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் உண்டு.

நாளைக் காலையில் தண்ணீர் பார்க்கப் போகும்போது, பக்கத்து வயலில் ஒரு பிள்ளை தனியாக நின்றால், "தம்பி, இப்படி வாப்பா" என்று ஒரு குரல் கொடுங்கள்.