கோர் கூடினால் வேகம் கூடுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். என் பிழைப்பைப் பற்றியே பேசிவிடுகிறேன். பெரிய சர்வர்கள் ஏன் மெதுவாக ஓடுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "சார், கோரை இரண்டு மடங்கு ஆக்கினோம், முன்னைவிட ஸ்லோ. இன்னும் பெரிய மெஷின் வாங்கட்டுமா?" லட்சக்கணக்கில் பணம். "வாங்குங்க" என்று சொல்வது சுலபம். பார்க்காமல் நான் சொல்வதில்லை.

நம் ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாற எத்தனை பேர் வந்தால் என்ன, சாம்பார்க் கரண்டி ஒன்றுதானே? ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்தக் கரண்டிக்குப் பெயர் லாக். பொதுவான ஒரு பட்டியலை இரண்டு கோர்கள் ஒரே சமயத்தில் மாற்றிக் குழப்பிவிடக் கூடாது. லாக் வைத்திருப்பவர்தான் தொடலாம். 1996-இல் வந்த லினக்ஸ் 2.0, முழுக் கெர்னலுக்கும் ஒரே கரண்டி வைத்திருந்தது. பிரித்துப் பிரித்து, 2011-இல்தான் அதை ஒழித்துக் கட்டினார்கள்.

ஆனால் சின்னக் கரண்டியும் ஆளைக் கவிழ்க்கும். 2010-இல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 48 கோர் மெஷினில் எக்ஸிம் என்ற மெயில் சர்வரை ஓட்டினார்கள். கோர் கூடக்கூட ஏறிய வேகம், 48-ஐ நெருங்கும்போது சரிந்தது. எந்த ஃபைல் சிஸ்டம் எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்ற பட்டியலின் லாக்தான் காரணம். உள்ளே நடப்பது சட்டென்று முடியும் ஒரு தேடல், அவ்வளவே! வெளியே நிற்பவர்கள் எல்லோரும் ஒரே டோக்கன் நம்பரைப் பார்க்கிறார்கள். நம்பர் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு கோரும் அதைத் தன் கேஷுக்குப் புதிதாகக் கொண்டுவர வேண்டும். கூட்டம் பெருத்தால், லாக் அடுத்தவர் கைக்குப் போவதே தாமதம். கோருக்கு ஒரு நகல் என்று பட்டியலைக் கொடுத்ததும் நெரிசல் தீர்ந்தது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? சிபியு 100 சதவீதம் என்று காட்டினால் மயங்கிவிடாதீர்கள். ஸ்பின் லாக்கில் காத்திருப்பவர் "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கணக்கில் அதுவும் உழைப்புதான். (சில ஆபீஸ்களிலும் அப்படித்தான்!) ம்யூடெக்ஸ் என்றால் நேர்மாறு. காத்திருப்பவர் தூங்கிவிடுவார், சிபியு காலி, வேலையும் நகராது.

பெர்ஃப் என்ற கருவியை ஓட்டினால் ஸ்பின் லாக்கின் பெயர் முதலிடத்தில் நிற்கும். அது வலிக்கிற இடம் மட்டும்தான். எந்த ஃபங்ஷன் அங்கே கொண்டுவந்து விட்டது என்ற கால் செயினையும் சேர்த்து எடுத்தால்தான் எந்த லாக் என்று பிடிபடும். லாக் ஸ்டாட் இன்னும் விவரமாக, காத்திருந்த நேரத்தையும் பிடித்துவைத்திருந்த நேரத்தையும் தனித்தனியாகச் சொல்லும். பிடித்திருந்தது கொஞ்சம், காத்திருந்தது ஏராளம் என்றால் பட்டியலைப் பிரியுங்கள். பிடித்திருந்ததே அதிகம் என்றால், உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒன்று: இந்தக் கணக்கெடுப்பே மெஷினை மெதுவாக்கும், ப்ரொடக்ஷனில் போட்டுடாதீங்க.

ஓரிடத்தில் இப்படிப் பார்த்துவிட்டு, லாக்கைப் பிரிக்கும் வரை பாதிக் கோரை நிறுத்தி வையுங்கள் என்றேன். வேகம் ஏறியது. மேனேஜர் நம்பாமல் மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். புது மெஷினுக்கான ஆர்டரை அன்றே நிறுத்திவிட்டார்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். மிச்சக் கேள்விகளைப் பந்தியில் கேளுங்கள்.